விக்கைக் கழற்றிய பிறகு: திருகோணமலையில் அனிமே ரசிகர்கள் இரண்டு முறை எடுத்த ஒரு குறும்படம்

பின்னணி

2023 ஓகஸ்ட் 31ஆம் திகதி ‘வன் பீஸ்’ லைவ் அக்‌ஷன் தொடர் நெட்ஃபிளிக்ஸில் எட்டு அத்தியாயங்களாக வெளிவந்தது. அனிமேயை, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் படத்தை, நிஜ ஆள் வைத்து எடுத்தால் கெட்டுத்தான் போகும் என்று அதுவரை சொல்லிவந்த ரசிகர்கள் பலர் அதைப் பார்த்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள். திருகோணமலையில் உவர்மலை, பாலையூற்று, திருக்கடலூர் பக்கமிருந்து சேர்ந்த ஏழு பேருக்குத் தாங்களும் ஒரு குறும்படம் எடுக்கலாம் என்ற துணிவு வந்தது அந்த நாட்களில்தான்.

ஏழு பேரில் நால்வர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த இளைஞர்கள். ஒருவர் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. ஒருவர் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை. இளைஞர்கள் அவரை ‘மிஸ்’ என்பார்கள். ஏழாமவர் தையல் தெரிந்த பெண். உடுப்பும் விக்கும் அவர் பொறுப்பு.

கதை சின்னது. ஒன்றாக வளர்ந்த இரண்டு கூட்டாளிகள். ஒருவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். மற்றவன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. போவதற்கு முதல்நாள் விடியற்காலை டச்சுக்குடாக் கடற்கரையில் இருவரும் மோதுகிறார்கள். பிறகு பிரிகிறார்கள். 12 நிமிடத்தில் முடிக்க எண்ணினார்கள்.

இந்த ஊரின் பழைய ஆட்களுக்கு ஜப்பான் என்றால் நினைவு வருவது வேறு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வீடுகளில் இன்று பேரப்பிள்ளைகள் தமிழில் டப் செய்யப்பட்ட அனிமேயைப் போனில் பார்க்கிறார்கள். படத்தைக் கடைசியில் பார்க்கப்போகிறவர்களில் இந்த இரண்டு தலைமுறையும் இருந்தது. முதல் முறை எடுத்தபோது குழு அதை யோசிக்கவில்லை.

முதல் படப்பிடிப்பு: 2024 ஏப்ரல்

சித்திரைப் புத்தாண்டு லீவில் மூன்று நாட்கள் எடுத்தார்கள். செலவு 68,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் இரண்டு விக், இரண்டு நீளக் கறுப்புக் கோட்டு, இரண்டு வாள் என்பவற்றுக்கே போனது.

வாளை முதலில் ரெஜிஃபோமில் வெட்டினார்கள். அதன்மேல் வெள்ளி ஸ்பிரே பெயின்ட் அடித்ததும் பத்து நிமிடத்தில் அலகு முழுவதும் குழி விழுந்தது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ரெஜிஃபோமைத் தின்றுவிடும். முதலில் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து இரண்டு பூச்சு பூசிக் காயவிட்டிருந்தால் தப்பியிருக்கும். இரண்டாம் முறை, உள்ளே அரை அங்குல பிவிசி குழாய் வைத்து, வெளியே 10 மில்லிமீற்றர் ஈவிஏ ஃபோம் தாளைச் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசையால் ஒட்டினார்கள். அது நன்றாக வந்தது. ஆனால் மதிய வெயிலில் வாகனத்துக்குள் வைத்ததால் பசை இளகி ஓரம் பிரிந்தது. நிழலில் வைக்க வேண்டிய பொருள் அது.

இரண்டாம் நாள் விடியற்காலை 4.30க்கு, சீலையில் சுற்றிய இரண்டு வாள்களுடன் ஓட்டோவில் வந்தவர்களைப் பொலிஸார் மறித்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வீடுகளில் இருந்த வாள்களை ஒப்படைக்கச் சொன்ன நாடு இது. இருட்டில், சீலை சுற்றிய, வாள் வடிவான ஒன்றைக் கண்டால் மறிக்கத்தான் செய்வார்கள். ஃபோம் என்று காட்டி, வீட்டுக்குப் போன் எடுத்துப் பேசி, விட்டபோது நேரம் 6.40. அன்றைய விடியல் வெளிச்சம் போய்விட்டது.

இதை ஒரு சின்னத் தாமதம் என்று எடுக்க முடியாது. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியன் இங்கே சரிவாக ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நேராக மேலே எழும். ஆறு மணியளவில் கடலுக்கு மேல் தெரிந்தால், அந்தப் பொன்னிற வெளிச்சம் ஏறத்தாழ 25 நிமிடம்தான் நிற்கும். ஏழு மணிக்கு முகத்தில் விழுவது வெள்ளை வெயில். அனிமேயில் அந்திப் பொழுது கதைக்குத் தேவையான மட்டும் நீளும், ஏனென்றால் அதை வரைகிறார்கள். 25 நிமிடத்தில் ஆறு ஷொட் எடுக்கலாம் என்று குழு போட்ட கணக்குச் சரிவரவில்லை. கிடைத்தது இரண்டு.

கோட்டைக்குள்ளும் எடுக்க முடியவில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கோட்டை தொல்பொருள் சின்னமும்கூட. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் மான்களைப் போனில் படம் எடுப்பது வேறு, கமெராவும் ஸ்டாண்டும் ஆட்களுமாகப் படப்பிடிப்பு நடத்துவது வேறு. அனுமதி கேட்டு எழுத நேரம் விட்டிருக்கவில்லை. டிரோனுக்கும் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவை. கடற்படைத் தளமும் விமானப்படைத் தளமும் உள்ள ஊரில் அதைக் கைவிட்டது சரியான முடிவு.

முதல் வெட்டில் கவனித்தவை

மே மாதம் முதல் வெட்டை, அதாவது எடிட் செய்த முதல் பதிப்பை, ஒரு டியூஷன் வகுப்பறையில் 14 பேருக்குப் போட்டார்கள். ஐந்து பேர் அனிமே பார்ப்பவர்கள். மற்ற ஒன்பது பேரும் அம்மாமார், கடற்தொழிலாளர் இருவர், ஒரு கடைக்காரர், அயலவர்கள். ஆசிரியை திரையைப் பார்க்காமல், பக்கவாட்டில் இருந்து பார்ப்பவர்களைப் பார்த்தார். யார் எந்த நிமிடத்தில் சிரிக்கிறார், எப்போது போனை எடுக்கிறார் என்று கொப்பியில் குறித்தார். படம் முடிந்ததும் ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் எல்லோரும் ‘நல்லாயிருக்கு தம்பி’ என்றுதான் சொல்வார்கள். கொப்பிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இந்த ஆய்வில் மிகவும் பயன்பட்ட வேலை அதுதான்.

சிரிக்கக் கூடாத ஒன்பது இடங்களில் சிரிப்பு வந்திருந்தது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

முதலாவது, ஆளை அடையாளம் தெரியவில்லை. ஒன்பது பேரில் ஆறு பேருக்குச் சண்டையில் எவன் போகிறவன், எவன் நிற்கிறவன் என்று பிடிபடவில்லை. அனிமேயில் முகங்கள் சில கோடுகள்தான். ஒன்றுக்கொன்று மிக ஒத்திருக்கும். அதனால்தான் முடியின் நிறமும் வடிவமும் ஆளைப் பிரித்துக்காட்டும் வேலையைச் செய்கின்றன. நிஜ மனிதனுக்கு அந்த உதவி தேவையில்லை, முகமே போதும். கண்ணை மறைக்கும் விக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டும் அந்த முகத்தை மூடிவிட்டன. ஏப்ரல் வெக்கையில் விக்கின் முன்விளிம்பு ஒட்டுப் பட்டி வியர்வையில் இருபது நிமிடத்தில் கழன்று, நெற்றியில் ஒரு கோடு தெரிந்ததும் சிரிப்புக்குக் காரணம்.

இரண்டாவது, திணறல். அனிமே விநாடிக்கு 24 ஃபிரேமில் (சட்டகத்தில்) ஓடினாலும் பாத்திரத்தின் அசைவுக்குப் பெரும்பாலும் மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம்தான் வரைகிறார்கள். அதாவது விநாடிக்கு எட்டு. குழு இதை அறிந்து, எடிட்டில் தங்கள் சண்டைக் காட்சியையும் விநாடிக்கு எட்டுப் படமாகக் குறைத்தது. பார்த்தவர்களில் ஒருவர் ‘நெட் சிலோவா இருக்கோ?’ என்று கேட்டார். அனிமேயில் பாத்திரம் விநாடிக்கு எட்டுப் படத்தில் அசைந்தாலும், பின்னணி நகர்வு 24இலும் சறுக்காமல் ஓடும். இரண்டும் தனித்தனி அடுக்கு. கமெராவில் எடுத்ததை அப்படிக் குறைத்தால் ஆளோடு கடலும் வானமும் சேர்ந்து திணறும். போதாததற்கு, நிஜக் கமெராவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவின் மங்கல் இருக்கிறது. வரைந்த படத்தில் கோடு கூர்மையாக நிற்கும். மங்கலான படத்தை நிறுத்தி வைத்தால் அது பிழை போலத் தெரியும்.

மூன்றாவது, பட்டை. வீட்டுக்குள் எடுத்த காட்சியில் திரை முழுவதும் கருமையான பட்டைகள் ஓடின. மெதுவாக்குவதற்காக 60 ஃபிரேமில், ஷட்டர் 1/125இல் (ஒரு ஃபிரேமுக்கு விநாடியின் 125இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விழும்படி) எடுத்திருந்தார்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ். டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் எப்போதும் 1/50 வைக்கும் அண்ணாவுக்கு இது தெரியும். அன்று கமெராவைப் பிடித்தது வேறொருவர்.

நான்காவது, மின்னல். அடி விழும்போது அனிமேயில் வரும் கறுப்பு வெள்ளைத் தெறிப்பை எடுத்து, இரண்டு விநாடிக்குள் 14 தடவை வைத்திருந்தார்கள். பார்த்த ஓர் அம்மாவுக்குத் தலை சுற்றியது. இது விளையாட்டான விடயமல்ல. 1997 டிசெம்பர் 16ஆம் திகதி ஜப்பானில் ‘போக்கிமொன்’ அத்தியாயமொன்றில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 தடவை மாறி மின்னியதால் 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே ஒளிபரப்பு விதிகள் இறுகின. விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது, சிவப்பு என்றால் இன்னும் கவனம் என்பது அதிலிருந்து எடுக்கவேண்டிய அளவுகோல். ரசிகர்கள் எல்லோரும் அறிந்த சம்பவம், ஆனால் எடிட்டில் யாருக்கும் நினைவு வரவில்லை.

ஐந்தாவது, பேச்சு. இதற்குத்தான் மிகப் பெரிய சிரிப்பு. பிரியும் இடத்தில் போகிறவன் சொல்வான்: ‘நான் செல்கிறேன். என்னைத் தடுக்காதே.’ தமிழ் டப்பிங்கில் கேட்டுக் கேட்டுப் பழகிய நடை அது. வரைந்த வாய்க்கு, அதுவும் மூடியது, பாதி, திறந்தது என்று மூன்று வடிவம் மட்டும் மாறும் வாய்க்கு, அந்த நடை ஒட்டிக்கொள்கிறது. திருக்கடலூர்ப் பெடியன் ஒருவனின் வாயில் அது வந்தால் ஊர் சிரிக்கும். ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்க எங்கள் வீடுகளில் யாரும் விடமாட்டார்கள், ‘போயிட்டு வாறன்’ என்று திருப்பிச் சொல்ல வைப்பார்கள். அந்த வழக்கத்துக்குள்ளேயே காட்சிக்கு வேண்டிய எல்லாம் இருந்தது.

கோடைகாலத்தைக் காட்ட இணையத்தில் எடுத்துப் போட்ட சில்வண்டு இரைச்சலும் அப்படித்தான். ஜப்பானில் அந்தச் சத்தம் கேட்டாலே கோடை. இங்கே ‘இதென்ன காட்டுக்குள்ளயா எடுத்தனீங்கள்?’ என்றார் கடைக்காரர்.

ஐந்து ரசிகர்களுக்கும் இந்த வெட்டு பிடித்திருந்தது என்பதையும் பதிய வேண்டும். எந்தக் காட்சி எந்த அனிமேயிலிருந்து வந்தது என்று பதினொரு இடங்களைச் சரியாகச் சொன்னார்கள். சந்தோசம் அடையாளம் கண்டதில் இருந்தது. கதையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஜூன் முழுவதும் கமெராவைத் தொடவில்லை. மற்றவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தார்கள்.

‘வன் பீஸ்’ லைவ் அக்‌ஷனில் சோரோ என்ற பாத்திரத்தின் பச்சை முடி இருக்கிறது. உசோப்பின் நீள மூக்கு இல்லை, சஞ்சியின் சுருண்ட புருவமும் இல்லை. 2012இல் நிஜ ஆட்களை வைத்து எடுத்து வந்த ‘ருரோனி கென்ஷின்’ படத்தில் கென்ஷினின் சிவந்த முடியை மங்கிய செம்பழுப்பாக்கிவிட்டு, கன்னத்துச் சிலுவைத் தழும்பை அப்படியே வைத்தார்கள். ஹொங்கொங் சண்டைப் படங்களில் வேலை செய்த கென்ஜி தனிகாகி அதற்குச் சண்டை அமைத்தார். வேகம் கணினியிலிருந்து வராமல் நடிகர் டக்கெரு சட்டோவின் காலிலிருந்து வந்தது. இயக்குநர்களான வச்சோவ்ஸ்கிகள் 1995ஆம் ஆண்டின் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ அனிமேயைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக்காட்டி, இதை நிஜமாக எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் ‘த மேட்ரிக்ஸ்’ 1999இல் வந்தது. அதில் அனிமேயின் உடுப்போ முடியோ அப்படியே வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் 2021இல் நிஜ ஆட்களை வைத்து எடுத்து வந்த ‘கவ்போய் பீபொப்’ தொடர் அனிமேயின் உடுப்பையும் சட்டகங்களையும் மிகக் கவனமாகப் பின்பற்றியது. வெளியாகி மூன்று வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் உடுப்பைச் சரியாகப் பிடித்தால் மட்டும் படம் நிற்காது என்பதை அது குழுவுக்குக் காட்டியது.

திருப்பம் ஆசிரியையிடமிருந்து வந்தது. 1995இல் தொடங்கிய ‘இவாஞ்செலியன்’ தொடரில், மின்தூக்கிக்குள் இரண்டு பெண்பிள்ளைகள் பேசாமல் நிற்கும் ஒரே காட்சி முக்கால் நிமிடத்துக்கு மேல் கிட்டத்தட்ட அசைவே இல்லாமல் ஓடுகிறது. அதை அவர் எல்லோருக்கும் போட்டுக்காட்டினார். பிறகு கடற்கரைச் சண்டைகள் வரும் அனிமே காட்சிகளைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஆள் அசையாத நேரத்தில் என்ன அசைகிறது என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதியது கிட்டத்தட்ட ஒன்றுதான்: காற்று, தண்ணீர், துணி, முடியின் நுனி. ஆளை அசைக்கப் படம் வரைய வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அதனால் ஆள் நிற்கிறான், உலகம் அசைகிறது. அறுபதுகளில் தொலைக்காட்சி அனிமே தொடங்கிய காலத்துச் சிக்கனத்திலிருந்து வந்த பழக்கம், பின்னாளில் அழகாகவே ஆகிவிட்டது.

முதல் வெட்டில் குழு செய்தது இதற்கு நேர்மாறு. அடி விழும் இடத்தில் படத்தையே உறையவைத்தார்கள். பின்னால் இருந்த அலையும் உறைந்து நின்றது. கடற்தொழிலாளர் இருவரும் சிரித்தது அந்த இடத்தில்தான். அலை நிற்பதை அவர்கள் கண்டதில்லை.

அதிலிருந்து முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. விக்கும் கோட்டும் இல்லை; ஒருவனுக்குச் சாரமும் வெளிறிய நீலச் சட்டையும், மற்றவனுக்கு விமானப் பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சேர்ட். வாள் இல்லை, கம்பு. உறைவு இல்லை, நடிகன்தான் நிற்க வேண்டும். இணையத்து இசை இல்லை. முதல் வெட்டை நண்பர்களுக்கு ஏற்றியபோதே ஓர் அனிமே பாட்டுக்காகச் சத்தம் தானாக அணைக்கப்பட்டிருந்தது. பேச்சு திருகோணமலைப் பேச்சு.

விக் இல்லை என்ற முடிவோடு இரண்டு இளைஞர்கள் விலகினார்கள். அவர்கள் விரும்பியது கொஸ்ப்ளே, அதாவது அனிமேப் பாத்திரம் போலவே உடுத்து வேடமிடுவது. அது தனக்கென்று ஒரு கலை. அதைப் படத்துக்குள் திணித்ததுதான் பிழை. சண்டை போடாமல் பிரிந்தார்கள், விக்கும் வாளும் அவர்களோடு போயின. இதை முதல் கூட்டத்திலேயே கேட்டிருந்தால் 40,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அண்ணாவியாரின் வீட்டு முற்றம்

கம்புக்கு ஆள் தேடியபோது கிண்ணியாவில் சீனடி சிலம்படி பழக்கும் ஓர் அண்ணாவியாரைப் பற்றித் தெரியவந்தது. கிழக்கில் முஸ்லிம் ஊர்களில் தலைமுறையாக வரும் கலை இது. ஜூலையில் ஆறு நாள், மாலையில் இரண்டு மணித்தியாலம், நடிகர்கள் இருவரும் பாலம் தாண்டிப் போய்ப் பழகினார்கள்.

இருவரும் அனிமேயில் பார்த்தபடி அடித்ததும் உடனே அடுத்த அடிக்குப் போனார்கள். அண்ணாவியார் நிறுத்தினார். ‘தம்பி, அடி விழுந்த பொறகு கம்பு நிக்கணும். கம்பு நிண்டாத்தான் அடி தெரியும்.’ அடித்துக் காட்டினார். பிரம்பு சுழன்று வந்து எதிராளியின் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கம்பின் நுனி மட்டும் நடுங்கியது. அவர் மூச்சு விடவில்லை, கண் மாறவில்லை. பின்னால் கொடியில் காய்ந்த சாரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

குழு ஜூன் மாதம் முழுவதும் தேடியது அந்த முற்றத்தில் இருந்தது. ஜப்பானின் மரபு நாடகமான கபுக்கியில் நடிகர் உச்சத்தில் கண்ணை உருட்டி நிற்கும் ‘மியே’யும், எங்கள் கூத்தில் தீர்மானம் (ஆட்டத்தை முடிக்கும் தாளக்கட்டு) வைத்து நிற்கும் நிலையும் ஒரே தேவையிலிருந்து வந்தவை என்று ஆசிரியை சொன்னார். பார்ப்பவனுக்குக் கண்ணில் பதிய நேரம் வேண்டும்.

இரண்டாம் படப்பிடிப்பு: ஓகஸ்ட்

இம்முறை நான்கு நாட்கள், 21,000 ரூபாய். பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே இடம், திகதி, ஆட்களின் எண்ணிக்கை எழுதிய கடிதம் கொடுத்தார்கள். பிரதியொன்று எப்போதும் கையில். கம்புகளைச் சுற்றாமல் வெளியே தெரியவே கொண்டுபோனார்கள். ஒரு விடியலுக்கு இரண்டு ஷொட் மட்டும். முதல்நாள் மாலையே மணலில் நிற்கும் இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, 5.30க்கு எல்லாம் ஆயத்தம்.

சண்டையை 25 ஃபிரேமில், ஷட்டர் 1/200 வைத்து எடுத்தார்கள். மங்கல் குறைந்து கம்பின் விளிம்பு கூர்மையாக வந்தது. வீட்டுக்குள் 1/50. லென்ஸ் 50 மில்லிமீற்றர், ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்ஸர் உள்ள கமெராவில். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததால் கம்புக்கும் தோளுக்கும் இடையில் உள்ள ஒரு சாண் இடைவெளி தெரியவில்லை.

ஓர் அடியின் கணக்கு இப்படி அமைந்தது. ஓங்கி நிற்பது 8 முதல் 10 ஃபிரேம். வீச்சு இயல்பாக 7 ஃபிரேம் எடுக்கும்; அதில் அடி விழுவதற்குச் சற்று முன்னுள்ள 2 ஃபிரேமை எடிட்டில் எடுத்துவிட்டார்கள். கண் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும், அடி வேகமாகத் தெரியும். மூன்று எடுத்தால் துள்ளுவது தெரிகிறது, ஒன்று எடுத்தால் வித்தியாசமே இல்லை. விழுந்த பிறகு 12 ஃபிரேம், அரை விநாடி, நடிகன் உயிரோடு நிற்கிறான். மணல் கொட்டுகிறது, அலை வந்து போகிறது. அடிச் சத்தத்தைப் படத்துக்கு ஒரு ஃபிரேம் முன்னால் வைத்தார்கள். தெறிப்பு ஃபிரேம் முழுப் படத்திலும் ஒரே ஒரு தடவை.

காற்றுக்கு வேறு திட்டம் தேவைப்பட்டது. ஓகஸ்டில் விடியலில் டச்சுக்குடா அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று பகலில்தான் மேற்கே நிலத்திலிருந்து அடிக்கும். ஆகவே பிரியும் காட்சியை மாலை ஐந்தரைக்கு, உட்துறைமுகக் கரைக்கு மாற்றினார்கள். கடற்படைத் தளமும் கப்பலும் சட்டகத்துக்குள் வராதபடி முன்கூட்டியே கோணம் பார்த்து வைத்தார்கள். இருவரும் நிற்கிறார்கள். புதுச் சேர்ட்டின் கழுத்துப் பட்டி காற்றில் படபடக்கிறது. ‘போயிட்டு வாறன்.’ மற்றவன் பதில் சொல்லவில்லை. 11 விநாடி. அந்த நேரத்தில் ஒரு காகம் மின்கம்பியில் வந்து இருந்து, பிறகு பறந்தது. மூன்று டேக்கில் இரண்டாவதில் மட்டும் காகம் வந்தது, அதையே வைத்தார்கள்.

சத்தத்தில் மறுபடி அடி வாங்கினார்கள். சேர்ட்டுக்குள் மறைத்த சின்ன மைக்கில் கச்சான் காற்றைத் தவிர வேறெதுவும் பதியவில்லை. அனிமேயில் குரலைத் தனியாகப் பதிவதுதானே வழக்கம், நாங்களும் அப்படியே டப் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். அலுமாரிக் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் மெத்தை நிறுத்தி, நடுவில் நின்று பேசினார்கள். ஆனால் மூன்று வடிவ வாய்க்குக் குரல் போடுவதும் மனித வாய்க்குப் போடுவதும் ஒன்றல்ல. ப, ம வரும் இடங்களில் உதடு மூடாவிட்டால் உடனே தெரிகிறது. 23 வசனங்களில் ஒன்பதை வெட்டிவிட்டு, நான்கை முதுகுப் பக்கக் காட்சிக்கு மாற்றினார்கள். படம் சுருங்கி 9 நிமிடம் 40 விநாடி ஆனது. அதனால் படத்துக்கு நன்மையே.

பின்னணிக்கு ஊர்ச் சத்தங்களையே காலை ஐந்து மணிக்குத் தனியாகப் பதிந்து போட்டார்கள்: அலை, காகம், தூரத்துக் கோயில் மணி, பாங்கு, முதல் பஸ்ஸின் ஹோர்ன்.

விளைவு

செப்டெம்பரில் முதலில் 18 பேருக்குப் போட்டார்கள். ஆறு பேர் ரசிகர்கள், 12 பேர் அல்லாதவர்கள். ஆசிரியையின் கொப்பியில் தப்பான சிரிப்பு ஓர் இடத்தில் மட்டும் பதிவானது. சண்டைக்கு நடுவே காலம் நின்று மனக்குரல் ஓடும் இடம் அது. அனிமேயில் அரை நிமிடம்கூடத் தாங்கும் உத்தி. நிஜ நடிகன் கண் சிமிட்டுகிறான், தொண்டை அசைகிறது, பார்ப்பவன் அவன் ஏன் சும்மா நிற்கிறான் என்று கேட்கிறான். 14 விநாடியாக இருந்ததை ஆறாகக் குறைத்த பிறகும் ஒட்டவில்லை. குழு அதை நீக்க மறுத்தது. நீக்கியிருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

எவன் யார் என்ற குழப்பம் 12 பேரில் ஒருவருக்கும் இல்லை. 11 விநாடி மௌனத்தில் எவரும் போனை எடுக்கவில்லை. பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் இரண்டு அம்மாமார் அந்த இடத்தில் முந்தானையை எடுத்தார்கள். கடற்தொழிலாளர் ஒருவர் காகம் பறந்த திசையைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னார்.

ரசிகர்களில் மூவருக்கு ஏமாற்றம். ‘இதில் அனிமே எங்கே?’ என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. பதினொரு அடையாளங்களும் போய்விட்டன. மற்ற மூவர், ஓங்கி நிற்பதும் அடித்து நிற்பதும் அனிமேதான் என்று வாதாடினார்கள். உவர்மலையில் ஒரு மண்டபத்தில் ஏறத்தாழ 60 பேருக்குப் போட்டபோதும் இந்த வாதம் தொடர்ந்தது. அண்ணாவியாரும் வந்திருந்தார். பார்த்துவிட்டு, ஒரு ஷொட்டில் பின்கை கம்பில் நான்கு விரல் மேலே பிடித்திருக்கிறது, அந்தப் பிடியில் கம்பு கைவிட்டுப் போகும் என்றார். திரும்பப் பார்த்தால் அது உண்மை. 20க்கு மேற்பட்ட தடவை பார்த்த எவருக்கும் அது தெரியவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

குழு ஒன்பது மாதம் கழித்துக் கண்டுபிடித்ததை முதல் வாரத்திலேயே செய்யலாம். பிடித்த அனிமேக் காட்சி ஒன்றைச் சத்தமின்றிப் போட்டு, ஆள் நிற்கும்போது எது அசைகிறது என்று எழுதுவது. ஒரு மணித்தியாலம் போதும், செலவில்லை.

போனில் எடுத்த பழக்கப் பதிப்பொன்றை, உடுப்பு எதுவும் வாங்குவதற்கு முன்பே ரசிகர் அல்லாத ஐந்து பேருக்குக் காட்ட வேண்டும். ஆசிரியையின் கொப்பி முறையை அங்கேயே தொடங்க வேண்டும்.

சண்டை பழக்கியவர் எடிட் மேசையிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிடி பிழைத்த ஷொட்டுக்கு மாற்று டேக் இருந்தது. சொல்ல ஆள்தான் இருக்கவில்லை.

கோட்டையில் எடுக்க விரும்பினால் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அங்குள்ள அதிகாரிகளுக்கும் மாதக்கணக்கில் முன்னதாக எழுத வேண்டும். கம்பானாலும் ஃபோமானாலும் கடிதப் பிரதி இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது.

டப்பிங்கை ஓகஸ்டுக்குள் முடித்துவிட வேண்டும். குழு கடைசி நான்கு வசனங்களை ஒக்டோபரில் திருத்தப் போனபோது மாரி தொடங்கிவிட்டது. அலுமாரி வைத்த அறைக்கு மேலே தகரக் கூரை. மூன்று இரவு காத்திருந்தும் மழை விடவில்லை. அந்த நான்கு வசனங்களும் இன்றுவரை பழைய குரலிலேயே இருக்கின்றன.